ஒரே திரையில் இரண்டு நோயாளிகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். வீட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பாள். பாதி வழியில் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். அவள் எழுதிய மென்பொருளில்தான் ஊர் ஆஸ்பத்திரி நோயாளிகளைச் சேர்க்கிறது. முதல் பக்கத்தில் பெயர், அடுத்ததில் ஒவ்வாமை, பிறகு மருந்து, கடைசியில் உறுதி செய்யும் பொத்தான்.

அன்று அக்காவை வயிற்றுவலியோடு அங்கே சேர்க்க வந்திருந்தாள். அக்காவுக்குப் பென்சிலின் ஆகாது. நர்ஸ் அதைப் பதிந்தாள். டாக்டர் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அதே கணினித் திரையில் பக்கத்திலேயே இன்னொரு டேப் திறந்து, அடுத்த கட்டிலில் இருந்த பெரியவரின் பெயரை அடித்தாள்.

பயந்தாங்கொள்ளி திரையை எட்டிப் பார்த்தாள். யாருடைய பதிவு நடக்கிறது என்பதை அந்த மென்பொருள் ஒரே இடத்தில்தான் நினைவில் வைத்திருந்தது. கடைசியாக யாருடைய பக்கம் திறந்ததோ அவர்தான் அதற்கு ஆள். இனி அக்காவின் பக்கத்தில் பதியும் மருந்து பெரியவரின் பெயரில் போய் விழும். பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, ஒருத்தி இரண்டு டேப் திறப்பாள் என்று மட்டும் தோன்றவே இல்லை.

“சிஸ்டர், எதையும் அழுத்தாதீங்க. ரெண்டையும் மூடிட்டு அக்காவை முதல்லேர்ந்து பதிங்க.”

“ஏன் இப்படி நடுங்குறீங்க? நாங்க எப்பவும் ரெண்டு மூணு பேரை ஒண்ணாத்தான் போடுவோம். இல்லன்னா வேலை ஓடுமா?”

“எப்பவும்னா?”

வரிசையாகப் படுத்திருந்தவர்களை நர்ஸ் கையால் காட்டினாள்.

“இவங்க எல்லாரையும் அப்படித்தான் சேர்த்தோம்.”