முன்னங்கால் என்று நான் திருத்தியது

ஐயா, அம்மா, இதை வாசிக்க முன்வந்த தங்களுக்கு என் வணக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, பின்னர் நானாகவே நூல்களைப் படித்துத் தமிழில் தேறியவன் நான். அந்தக் கர்வமே கீழே எழுதும் குற்றத்துக்குக் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தொழிற்சாலைக்கு விடுமுறையான ஞாயிறுகளில், சேக்காட்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைக் கூட்டி இயற்கைப் பாடம் நடத்திவந்தேன். மழைக்காலத்தில் காலி மனைகளில் நீர் தேங்கும். அதிலிருந்து தலைப்பிரட்டைகளை முகந்து, கண்ணாடி ஊறுகாய் ஜாடியில் விட்டு, என் வீட்டு ஜன்னலில் வைத்தோம். கண்ணால் கண்டதை மட்டுமே நோட்டில் எழுத வேண்டும் என்பது நான் வகுத்த விதி.

எந்தக் கால் முதலில் முளைக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டது. எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல நா எழவில்லை.

"முன்னே வருவதால் முன்னங்கால், பின்னே வருவதால் பின்னங்கால். தமிழே விடை சொல்கிறதே!" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சில வாரங்கள் கழித்து, தையல்காரரின் பத்து வயது மகள் ஜாடியை விட்டு முகத்தை எடுக்காமலே சொன்னாள்: "சார், வாலாண்டதான் கால் வந்துகீது. முன்னால ஒண்ணியும் காணோம்."

"அய்யே, சாரே சொல்லிட்டாரு. உன் கண்ணு இன்னா நொள்ளையா?" என்றாள் பக்கத்திலிருந்த சிறுமி.

"இவ தவளைக்கே டீச்சரு!" என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் நோட்டை வாங்கி, எழுதியிருந்ததை அடித்து, 'முன்னங்கால்' என்று சிவப்பு மையில் திருத்தினேன்.

அவர்கள் போனபின் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வாலின் அடியில் இரண்டு பின்னங்கால்கள் மடிந்து, தெளிவாகத் தெரிந்தன. முன்புறம் வெறும் தோல். உடனே ஜாடியைக் கொண்டுபோய்த் தேங்கிய நீரில் கவிழ்த்துவிட்டேன். அடுத்த ஞாயிறு, எல்லாம் வளர்ந்து தாவிப் போய்விட்டன என்று பொய் சொன்னேன்.

அன்று எறும்பு வரிசையைப் பார்த்து எழுதச் சொன்னேன். தையல்காரர் மகள் குனியவே இல்லை.

"நீங்களே சொல்லுங்க சார், எய்திக்கிறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

சில மாதங்களில் அக்குடும்பம் பூந்தமல்லிப் பக்கம் குடிபெயர்ந்தது. அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் அவள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் வாய் திறக்கவில்லை.

பின்னங்கால்தான் முதலில் வரும். அவள் கண்டதே சரி. இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாமல் வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.