குடும்பத்தினருக்கு மட்டும்

எங்கள் டவுன்ஷிப்பில் நோட்டீஸ் ஒட்டுவதற்கென்றே பிறந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். தண்ணீர் வராது என்பதற்கு ஒரு நோட்டீஸ், மாடு மேயக் கூடாது என்பதற்கு ஒரு நோட்டீஸ். மாடு படித்துவிட்டுத் திரும்பிப் போகும் என்று நினைப்பு. போன மாசம் மனமகிழ் மன்றத்து வாசலில் அப்படி ஒன்று ஒட்டியிருந்தார்கள். அந்தப் பழைய நடிகரின் படங்களை, நாளுக்கு ஒன்றாக ஒரு வாரம், மன்றத்து அரங்கில் பெரிய திரையில் போடப் போகிறார்களாம். நடிகரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பாதிப் பேர் என்னைக் கட்டிக்கொள்வார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். எனக்கு இரண்டுக்கும் தெம்பில்லை.

படிக்கும்போதே எரிச்சல் வந்தது. சாயந்திரம் ஆறு மணிக்குப் படமாம். இரண்டாம் ஷிஃப்ட்காரன் அந்நேரம் சுரங்கத்துக்குள் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். இது தெரியாதவர்களா கமிட்டியில் இருக்கிறார்கள்? பிறகு கடைசி வரிக்கு வந்தேன். ‘ஊழியர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் மட்டும். அனுமதிச் சீட்டு அவசியம்.’ அந்த ‘அவர்தம்’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. ஆளை வெளியே நிறுத்த வேண்டும் என்றால் மட்டும் இவர்களுக்கு நல்ல தமிழ் வந்துவிடுகிறது.

எனக்குப் படம் பார்க்கத் தடையில்லை. நான் பெர்மனன்ட். முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ், இன்னும் இரண்டு வருஷத்தில் ரிடையர்மென்ட். எனக்காகக் கோபம் வரவில்லை, அக்காவுக்காக வந்தது.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து கிராமத்தில் மகனோடு இருக்கிறாள். காண்ட்ராக்டில் துப்புரவு வேலை. அவள் பெருக்கித் துடைப்பது அதே மன்றத்து அரங்கத்தைத்தான். எங்கள் ஊரில் நாற்காலியை ஒரு நாள் துடைக்காமல் விட்டால் மறுநாள் அதில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கரித்தூள். அந்த நாற்காலிகளைப் பத்து வருஷமாகத் துடைக்கிறவள் அவள். எதற்குக் கால் ஆடும், எதற்குக் கை கழன்றிருக்கும் என்று இருட்டில் கேட்டாலும் சொல்வாள். அந்த நடிகர் என்றால் அவளுக்கு உயிர். டி.வி.யில் அவர் படம் வந்தால் விளம்பரம் போடுகிறவனைப் பெயர் சொல்லாமல் சபித்துக்கொண்டே பார்ப்பாள்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று மத்தியானம் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். வழக்கம்போலப் பின்வாசல் வழியாக. பிளாக்கில் பலர் அவளை எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. என் மனைவி காபி கொடுத்தாள். அக்கா அதைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

“இன்னிக்கு மெஷினு ஓட்டிப் பாத்தாங்க தம்பி. தொடப்பத்தப் புடிச்சிக்கினு நின்னு பாத்தேன். அவரு வந்து நின்னாரு பாரு, செவுரு ஒசரத்துக்கு. வாயத் தொறந்து பேசறதுக்குள்ள நிறுத்திட்டாங்க. உன் பேர்ல எனக்கு ஒரு சீட்டு வாங்கித் தர முடியுமா?”

என் சர்வீஸ் முழுக்க அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. மகனுக்கு வேலை கேட்டதில்லை, ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசு கேட்டதில்லை. முதல் முறையாகக் கேட்டது ஒரு பழைய படம் பார்க்க ஒரு நாற்காலி. வாங்காமல் விட மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேரே மன்றத்துக்குப் போனேன்.

அரங்கத்துக்குள்ளேயே, மேடைக்குக் கீழே ஒரு மேஜை போட்டு மன்றச் செயலாளர் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். என் முறை வந்ததும் மருத்துவ அட்டையை நீட்டினேன். எங்கள் ஊரில் குடும்பம் என்றால் அந்த அட்டைதான். அதில் பெயர் இருந்தால் குடும்பம், இல்லாவிட்டால் ஒரே வயிற்றில் பிறந்திருந்தாலும் வெளியாள். மனைவிக்கும் மகளுக்கும் எழுதிக் கொடுத்தார். இன்னொரு சீட்டு வேண்டும், இந்த அரங்கத்தைக் கூட்டுகிற அம்மாவுக்கு என்றேன். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது சார் என்றார்.

நான் கேட்டேன் பாருங்கள். இப்போது நினைத்தாலும் நன்றாகத்தான் கேட்டேன். அவர்கள் துடைத்த நாற்காலியில் உட்காரலாம், அவர்கள் மட்டும் உட்காரக் கூடாதா? அந்த நடிகர் பெர்மனன்ட்காரனுக்கு மட்டும்தான் நடித்தாரா? அந்தக் காலத்துக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவன் உன் அட்டையைக் காட்டு என்று கேட்டானா? மண் தள்ளுகிறவன், ஓடை வெட்டுகிறவன், கக்கூஸ் கழுவுகிறவன் எல்லாம் காண்ட்ராக்ட், அவன் இல்லாவிட்டால் இந்த டவுன்ஷிப் ஒரு வாரம் தாங்குமா? வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எனக்கும் சுருதி ஏறிவிட்டது. தொழிற்சங்க வாசல் கூட்டத்தில்கூட நான் அப்படிப் பேசியதில்லை.

செயலாளர் கெட்டவர் இல்லை. விதிப்படி நடந்தால் வம்பு வராது என்று நம்புகிற ஜாதி, அவ்வளவுதான். பொறுமையாகக் கேட்டுவிட்டு மேஜைக்குள்ளிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார். உறவினர் வந்திருந்தால் ஊழியர் ஒருவருக்கு ஒரு விருந்தினர் சீட்டு உண்டாம். பெயர், முகவரி, ஊழியருக்கு என்ன உறவு என்று மூன்றே மூன்று வரி.

“அந்தம்மா உங்களுக்குச் சொந்தமா சார்? சொந்தம்னா சொல்லுங்க, இப்பவே எழுதித் தந்துடறேன்.”

இவ்வளவு சுலபமா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. வாயைத் திறந்தேன். அப்போதுதான் வரிசையில் எனக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக நின்றவரைப் பார்த்தேன்.

அவர் எங்களுக்குச் சம்பந்தியாகப் போகிறவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், அனல்மின் நிலையத்தில் அதிகாரி. அவர் மகனுக்கும் என் மகளுக்கும் ஆவணியில் நிச்சயமாகியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு அக்கா வரவில்லை. அன்றைக்கு டூட்டி இருக்கிறது என்றாள். நான் வற்புறுத்தவில்லை. எனக்கு ஒரு அக்கா, சேத்தியாத்தோப்புப் பக்கம் விவசாயம் பார்க்கிறார்கள் என்று என் மனைவி அந்த வீட்டாரிடம் சொன்னபோது நான் பாயசத்தில் முந்திரி தேடிக்கொண்டிருந்தேன்.

“சொந்தமெல்லாம் இல்ல சார். தெரிஞ்சவங்க. பொதுவா நியாயம் கேக்கறேன்.”

சொல்லிவிட்டேன். குரல்கூடத் தடுமாறவில்லை. அதன் பிறகு நடந்ததுதான் பெரிய அநியாயம். சம்பந்தி வரிசையை விட்டு முன்னால் வந்து என் தோளில் கை வைத்தார். யாரோ ஒரு துப்புரவுப் பணியாளருக்காக இவ்வளவு தூரம் பேசுகிறாரே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா, இவர் வீட்டில் பெண் எடுப்பது எங்களுக்குப் பெருமை என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். இரண்டு பேர் கைதட்டினார்கள். அதிகாரி சொன்ன பிறகு செயலாளருக்கும் வழி தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைசிப் படம், அன்றைக்கு மட்டும் மத்தியானம் இரண்டு மணிக்கு; அந்தக் காட்சிக்குக் காண்ட்ராக்ட் ஆட்களும் வரலாம். கடைசி வரிசைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். முன்னால் உள்ள நாற்காலி காலியாகக் கிடந்தாலும் பின்னால்தான் உட்கார வேண்டும்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அதைவிட வெட்கக்கேடு என்ன இருக்கிறது? அன்று சாயந்திரமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வடக்குத்துக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உனக்கு மட்டுமில்லை, உங்கள் ஆட்கள் எல்லோருக்குமே அனுமதி வாங்கிவிட்டேன், மொத்த மன்றத்தையும் ஒரு பிடி பிடித்துவிட்டேன் என்று நின்ற வாக்கிலேயே சொன்னேன். அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“தெரியும். பின்னாடி வரிசையில நாற்காலி தொடச்சிக்கினு அங்கதான் இருந்தேன்.”

அத்தனை நாற்காலிக்கு நடுவில் ஒருத்தி குனிந்து துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரோ வேலை செய்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்காகத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தவன், அங்கே இருந்த ஒருத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பந்தி பக்கத்தில் நின்றார், கல்யாணம் முடியட்டும் என்றுதான் சொன்னேன் என்று என்னவோ உளறினேன்.

“நெலத்துக்கு வேலை குடுத்தப்ப என்னைத் தாலுக்கா ஆபீசுக்குக் கூட்டிக்கினு போனாரே அப்பா, அங்க அந்த அதிகாரி கேட்டாரு, அந்தப் பையன் ஒனக்கு என்ன ஒறவும்மான்னு. கூடப் பொறந்த தம்பின்னேன். அங்கயும் கூட்டம் நின்னுக்கினுதான் இருந்துச்சு.”

எங்கள் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை போட்ட அந்த நிலம், சுரங்கத்துக்குப் போனபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். யாருக்கு என்று எங்கள் வீட்டில் ஒரு நாள்கூடப் பேச்சு நடக்கவில்லை. ஆண் பிள்ளைக்குத்தான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். மூத்த வாரிசு என்பதால் அக்கா ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டாள். நான் பெர்மனன்ட் ஆனேன். புருஷன் செத்த பிறகு அவள் காண்ட்ராக்டுக்கு வந்தாள். அப்பாவுக்கு அது தப்பாகத் தெரிந்ததில்லை, எனக்கும் பல வருஷம் தெரிந்ததில்லை. அவள் அதைச் சொல்லிக் காட்டியது அன்றைக்கு மட்டும்தான். அதையும் சொல்லி முடித்துவிட்டு, ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் எல்லோரையும் திட்டிக்கொண்டு வந்தேன். கமிட்டியைத் திட்டினேன். மனுஷனைப் பெர்மனன்ட், காண்ட்ராக்ட் என்று கூறு போட்டு, யாரோடு யார் உறவு கொண்டாடலாம் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்கிற இந்த டவுன்ஷிப்பைத் திட்டினேன். பொய் சொன்ன மனைவியை, புகழ்ந்த சம்பந்தியை, செத்துப்போன அப்பாவை. யாரைத் திட்டி முடித்தாலும் அடுத்த ஆள் நானாகத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து எங்கள் வரிசையில் உட்கார வைப்பேன், ஆனது ஆகட்டும் என்று முடிவு செய்தேன். மனைவியிடமும் சொன்னேன். அவள் மகளின் அறைக்குள் போய்க் கல்யாணப் புடவைகளை மறுபடி மடித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி குடும்பத்தோடு வந்து எங்களுக்கும் சேர்த்து நடு வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். மாப்பிள்ளைப் பையனும் வந்திருந்தான். என் மகள் அவனைப் பார்த்தும் பார்க்காததுமாக உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசைக்குப் பின்னால், நடுவில் நாலு வரிசை காலியாகக் கிடக்க, பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது முப்பது பெண்கள். எல்லோரும் நல்ல புடவை கட்டியிருந்தார்கள். அக்கா பச்சைப் புடவையில் ஓரத்து நாற்காலியில் இருந்தாள். நான் எழுந்து இரண்டு வரிசை தாண்டிப் போனேன். மகள் திரும்பிப் பார்த்தாள். விளக்கை அணைத்தார்கள். படம் ஆரம்பித்துவிட்டது, இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன். இடைவேளையில் சம்பந்தி எனக்கு டீ வாங்கி வந்தார்.

படத்தில் அந்த நடிகர் முதன்முதலாக வந்து நின்றபோது பின்னாலிருந்து ஒரு விசில் கிளம்பியது. இரண்டு விரலை மடித்து நாக்குக்கடியில் வைத்து அடிக்கிற அசல் விசில். அது யார் என்று எனக்குத் தெரியும். சம்பந்தி சிரித்துக்கொண்டே, பாவம், இவங்களுக்குத்தான் உண்மையான சந்தோஷம் என்றார். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. தலையை ஆட்டினேன்.

படம் முடிந்து வாசலுக்கு வந்தோம். அவர்களும் இன்னொரு கதவு வழியாக வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு நீங்கள் பேசினீர்களே, அந்தம்மா இதில் யார் என்று சம்பந்தி கேட்டார். அக்கா ஐந்தடி தூரத்தில் நின்றாள். அழுதழுது கண் சிவந்திருந்தது, முகம் அப்படி ஒரு நிறைவாக இருந்தது. என் கை தானாக அவள் பக்கம் நீண்டது. சொல்ல வேண்டிய ஒரு சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் சம்பந்தி அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

“நீங்க படம் பாக்கணும்னு இவருதானுங்க அன்னிக்குச் சண்டை போட்டாரு. தெரியுமுங்களா?”

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு என் பின்னால் நின்ற மகளையும் பையனையும் பார்த்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

“ரொம்ப நன்றிங்க சார்.”

நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். “பரவால்லம்மா” என்றேன்.