சந்தனம் வைத்த சாக்கெட்

பிள்ளைகளா, நீங்கள் ரெண்டு பேரும் போனில் அந்த நீலப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். ஸ்பேனர், சாக்கெட் என்று நூற்றெட்டுச் சாமான், ஒரே பெட்டி, பாதி விலைத் தள்ளுபடி. அப்பா பைக்குக்கு வாங்கித் தரலாம் என்று பெரியவள் சொன்னதும், அப்பாவுக்குத் தெரிய வேணாம் என்று சின்னவன் சொன்னதும் என் காதில் விழுந்தது. உங்கள் மனசு எனக்குப் பெரிசு. ஆனால் அந்தப் பெட்டி இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. நேரில் சொன்னால் உங்கம்மா நடுவில் புகுந்து அவள் தம்பியைக் காப்பாற்றப் பார்ப்பாள். அதனால் எழுதித் தருகிறேன்.

நான் மெக்கானிக் கிடையாது. கடலூரில் குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் மூட்டை தைக்கிற இடத்தில் வேலை. ஷிப்டுக்குப் போக வண்டி வேண்டும். அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அன்றைக்கு வேலை போச்சு. அதனால்தான் நானே கழற்றி மாட்டப் பழகினேன். பழகியதில் ஒன்று தெரிந்தது. நட்டைக் கெடுப்பது துரு இல்லை, பொருந்தாத ஸ்பேனர். கட்டிங் பிளேயரால் நட்டைத் திருகுகிறவன் இருக்கிறானே, அவன் பக்கத்தில் என் வண்டியை நிறுத்தக்கூட மாட்டேன். ஆறு தலை மாற்றிக்கொள்ளும் திருப்புளி வைத்திருப்பவனும் அப்படித்தான். ஆறில் ஒரு தலையாவது ஒழுங்காக ஸ்குரூவில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் இவர்களை எல்லாம் மன்னித்துவிடலாம். பெட்டி வாங்குகிறவனைத்தான் மன்னிக்க முடியாது.

போன வருஷம் தீபாவளி கழிந்து சிதம்பரத்துக்குப் போயிருந்தோம், உங்கள் மாமா வீட்டுக்கு. பெரியவளே, உனக்கு டியூஷன் இருந்தது, நீ வரவில்லை. நானும் உங்கம்மாவும் சின்னவனும்தான் பைக்கில் போனோம். மறுநாள் காலையில் கிளம்பலாம் என்று பார்த்தால் பின்சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. பஞ்சர். தெருமுனையில் பஞ்சர் கடை இருக்கிறது. ஆளைக் கூப்பிட்டால் வந்து கழற்றிக்கொண்டு போவான். உங்கள் மாமா விடவில்லை.

"என்னா மாமா, வீட்ல செட்டு இருக்கும்போது வெளியாளா? நானே கழட்டித் தரேன், சக்கரத்த மட்டும் எடுத்துட்டுப் போங்க."

உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கிவந்தான். நீங்கள் போனில் பார்த்த அதே ஜாதி. திறந்தான். அப்படி ஒரு மினுமினுப்பு. சிதம்பரத்தில் கவரிங் கடைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் கவரிங் நகை போடுகிறவள் அது கவரிங் என்று தெரிந்துதான் போடுகிறாள். இவன் இதை இரும்பு என்று நம்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி, ஒவ்வொரு குழியிலும் ஒரு சாமான், பாதிக்கு மேல் எதற்கு என்று வாங்கினவனுக்கே தெரியாது.

"இது எதுக்குடா மச்சான்?" என்று வளைந்த ஒன்றைக் காட்டிக் கேட்டேன்.

"அது காருக்கு."

"உங்கிட்ட கார் இல்லியே."

"வாங்குனா வேணும்ல மாமா."

அப்போதுதான் கவனித்தேன். சாக்கெட் என்பது நட்டின் தலையில் குல்லா மாதிரி முழுசாக இறங்கி உட்கார வேண்டிய சாமான். அந்தக் குல்லா ஒவ்வொன்றின் வாயிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. நம் வீட்டிலும் பொட்டு வைக்கிறோம், ஸ்பேனரின் கைப்பிடியில் வைக்கிறோம். இவன் விரல் நிறைய சந்தனத்தை எடுத்து, நட்டு உட்காரும் குழிக்குள்ளேயே அப்பியிருக்கிறான். அது காய்ந்து கல்லாகக் கிடக்கிறது. பூஜைக்குப் பிறகு ஒரு தடவைகூட அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"உள்ள சந்தனம் இருக்குடா. தொடச்சிட்டுப் போடு."

"பூஜை போட்ட சாமான் மாமா, நழுவாது."

சாமிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சந்தனம் என்ன செய்யும் என்று யோசிக்காத மண்டைமேல்தான். பத்தொன்பதாம் நம்பர் சாக்கெட்டைப் பின்சக்கரத்து நட்டில் மாட்டினான். சந்தனம் தடுத்ததால் அது பாதிதான் இறங்கியது, நட்டின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. இவன் முழுப் பலத்தையும் போட்டு அழுத்தினான். கடக் என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் நட்டின் ஆறு முனையும் மழுங்கி, சப்பிப் போட்ட கமர்கட் மாதிரி இருந்தது. நான் தடுப்பதற்குள் ஸ்குரூ ஸ்பேனரை எடுத்து, அதைச் சுத்தியலால் அடித்து, எப்படியோ நட்டைக் கழற்றிவிட்டு வெற்றி பெற்றவனைப் போல நிமிர்ந்தான்.

சக்கரத்தைக் கொண்டுபோய்ப் பஞ்சர் ஒட்டி எடுத்துவந்தேன். மாட்டுவதையும் நானே செய்வேன் என்று அவன் உட்கார்ந்துவிட்டான். மழுங்கிய நட்டையே திரும்பப் போட்டான். இறுக்கும்போது சாக்கெட் கரகரவென்று நட்டைச் சுற்றி வந்தது, நட்டு நகரவில்லை.

"இறுகிடுச்சு மாமா. சுத்துது பாருங்க, இதுக்கு மேல போகாது."

"சுத்துறது சாக்கெட்டுடா."

"கடலூர் வரைக்குந்தான போறீங்க? காசிக்கா போறீங்க? அதுக்குள்ள நட்டு எங்க ஓடப் போவுது?"

உங்கம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். சின்னவன் பெட்ரோல் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்தாயிற்று. புதுச்சத்திரம் தாண்டி பஸ்ஸும் லாரியும் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சக்கரம் வழியில் ஆடினால் யார் எங்கே விழுவார்கள் என்று ஒரு நிமிஷம் மனசில் ஓடியது. சின்னவனைத் தூக்கிக் கீழே இறக்கினேன்.

"நீங்க பஸ்ல போங்க. நான் நட்டு மாத்திட்டு வரேன்."

உங்கம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "என் தம்பி கை வச்சதுன்னா உங்களுக்கு எளக்காரம். காலைலேருந்து ஒக்காந்து அவன் இந்தப் பாடு படுறான், ஒரு நல்ல வார்த்த இல்ல."

"அவன் படலம்மா. நட்டுதான் படுது."

"போதும், தெருவே பாக்குது," என்றாள். மாமனார் வீட்டுப் பக்கம் இப்படிப் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய் ரெண்டு பேரையும் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பவில்லை. சின்னவன் மட்டும் கையாட்டினான்.

அங்கேயே ஒரு ஸ்பேர்ஸ் கடையில் புது நட்டு வாங்கினேன். பத்தொன்பதில் ஒரு ரிங் ஸ்பேனர் கேட்டேன். கடைக்காரர் பின்னால் திரும்பிப் பெட்டிகளைக் காட்டினார்.

"செட்டா எடுத்துக்குங்க சார். ஒண்ணு ஒண்ணா வாங்குனா ஜாஸ்தி ஆவும்."

"எனக்கு ஒண்ணுதான் கழண்டிருக்கு."

"நாளைக்கு இன்னொண்ணு கழண்டா?"

"நாளைக்கு வரேன்."

அவர் எடுத்துப் போட்ட ஸ்பேனர் வளையத்துக்குள் புது நட்டை வைத்து ஆட்டிப் பார்த்தேன். லொடலொட என்றது. அடுத்ததும் அப்படியே. எல்லாவற்றிலும் பத்தொன்பது என்றுதான் பொறித்திருக்கிறது. பொறிப்பதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். "எல்லாம் ஒரே அளவுதான் சார், இங்க நின்னு நகை மாதிரி பாக்குறீங்க," என்று அவர் சலித்துக்கொண்டார். நான் கடைசியில் எடுத்தது மினுக்கம் இல்லாமல் கருத்துக் கிடந்தது. நட்டை வைத்தேன், ஆடவில்லை. கவிழ்த்துப் பிடித்தும் உடனே விழவில்லை. அதை வாங்கினேன். நீங்கள் ஸ்பேனர் வாங்கப் போனால் இப்படித்தான் வாங்க வேண்டும். கையில் நட்டோடு போக வேண்டும். போனில் நட்டைப் போட்டுப் பார்க்க முடியாது, அதனால்தான் அங்கே பெட்டி விற்கிறான்.

திரும்பி வந்தபோது உங்கள் மாமா பெட்டியைப் பழையபடி அடுக்கிக்கொண்டிருந்தான், துடைக்காமல். நான் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, அவன் இறுக்கிய நட்டின் மேல் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால், சும்மா விரலால் பிடித்துத் திருப்பினேன். சுற்றியது. ரெண்டு விரலால் திருகித் திருகிக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தேன். நீயும் உங்கம்மாவும் ஏறவேண்டியிருந்த வண்டி அது, சின்னவனே.

அவன் நட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"உங்க கை ராசி அப்படி மாமா," என்றான்.

முட்டாள்தனம் என்றால் திட்டலாம். தெரியவில்லை என்றால் சொல்லித்தரலாம். பெட்டி வைத்திருப்பதாலேயே தெரியும் என்று நினைக்கிறவனை ஒன்றும் செய்ய முடியாது. பெட்டி செய்கிற கெடுதல் அதுதான். பொருந்தாத இரும்பைவிட அது மோசம். புது நட்டைப் போட்டேன், கருப்பு ஸ்பேனரால் இறுக்கினேன், நட்டு வந்து நிற்கிற இடம் கையிலேயே தெரிந்தது. சாப்பிட்டுவிட்டுப் போங்க என்றான். பசியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கடலூர் வந்து சேர்ந்தபோது வீட்டில் சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான். உங்கம்மா சாதத்தை எடுத்து வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள். விரலால் கழன்ற நட்டைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தம்பிமேல் கோபம் வரும், அதைவிட அன்றைக்கு ஏறியிருப்போமே என்ற பயம் வரும். என்மேல் கோபமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதைப் படித்துவிட்டு நீங்களும் சொல்ல வேண்டாம்.

சாப்பிடாமல் வாசலுக்கு வந்தேன். வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்சக்கரத்து நட்டைப் பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு, யாருமே கை வைக்காத முன்சக்கரத்து நட்டையும் ஒரு தடவை பிடித்துத் திருப்பிப் பார்த்தேன்.