ரெண்டு வருஷ ஜெர்மன், ரெண்டு நிமிஷ போன்

பெரம்பலூர்லேர்ந்து அரியலூர் போற பஸ்ல இன்னைக்கு என் மானம் போச்சு.

மடியில இருந்த புத்தகத்தைப் பார்த்துட்டு பக்கத்து சீட் பாய் கேட்டார். "என்ன பாஷை தம்பி?"

"எண்ணூறு வருஷத்துக்கு முந்தின ஜெர்மன்ங்க."

"எம்பொண்ணும் நர்ஸ் வேலைக்காக ஜெர்மன்தான் படிக்குது. பேசுங்க." பொண்ணுக்கு அடிச்சு, ஸ்பீக்கரைப் போட்டு போனை என் கையில குடுத்துட்டார்.

அந்தப் பொண்ணு மடமடன்னு ஏதோ கேட்டுச்சு. அந்தக் காலத்து ஜெர்மன்ல போருக்குப் போற வீரன் காதலிகிட்ட எப்படி விடைபெறுவான்னு எனக்குத் தெரியும். இது புரியல. புத்தகத்தைப் புரட்டினேன்.

"அத்தா, அவருக்கு ஜெர்மன் தெரியாது."

பஸ்ஸே கேட்டுச்சு. ரெண்டு வருஷமா அகராதியோட மல்லுக்கட்டுறவன் நான்.

பாய் தோள்ல தட்டினார். "விடுங்க தம்பி. பாப்பா போற கிளாஸ்லயே சேருங்க. ஆறே மாசத்துல பேசிடுவீங்க."

அந்த கிளாஸ் நம்பர் வாங்கிட்டு வந்திருக்கேன். சிரிக்கிறவங்க கமெண்ட்ல சிரிச்சுக்குங்க. எனக்குப் போன் மட்டும் பண்ணாதீங்க.