முடிவுரை வரை நின்ற சிற்பி

தொண்ணூற்றொன்பதில் நாங்கள் எல்லோரும் கணினிகளின் தேதிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். நான் கவிதை எழுதுகிறவன். என் மேசையில் குவிந்துகிடந்ததோ, இரண்டாயிரம் பிறந்ததும் குழம்பிவிடும் என்று எல்லோரும் பயந்த பழைய நிரல்கள். அமெரிக்காவில், பேர்லேண்ட் வீட்டிலிருந்து ஹூஸ்டன் ஆபீஸுக்குக் கார் போனது, வந்தது. நான் உள்ளே இருந்தேன், அவ்வளவுதான்.

அந்த மே மாதம் மகளின் நான்காம் வகுப்பில் மெழுகுச் சிலைக் காட்சி வைத்தார்கள். குழந்தைகள் புகழ்பெற்ற யாராவது ஒருவரின் வேடத்தில் அசையாமல் நிற்பார்கள். காலடியில் ஒட்டிய சிவப்புக் காகிதப் பொத்தானை மிதித்தால் சிலைக்கு உயிர் வந்து தன் கதையைச் சொல்லும். மகளுக்குச் சீட்டில் விழுந்தவர் ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலியச் சிற்பி. ஓவியரும்கூட.

உரையை எழுதியவள் என் மனைவி. பள்ளிக் காலத்தில் பேச்சுப் போட்டிகளில் கோயம்புத்தூரைக் கலக்கியவள். முன்னுரை, பிறப்பும் இளமையும், கலைத்தொண்டு, முடிவுரை. மொழிதான் ஆங்கிலம், கட்டுரை நம் ஊருடையது.

"ஒரு நிமிஷம் போதும்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்களே" என்றேன்.

"எண்பத்தெட்டு வருஷம் வாழ்ந்த மனுஷனை ஒரு நிமிஷத்துல எப்படிங்க முடிக்கிறது? போய்ப் படுங்க, கண்ணே சொருகுது உங்களுக்கு."

மகள் அத்தனையையும் மனப்பாடம் செய்தாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் வரும். நமக்கெல்லாம் அப்படித்தானே வரும்.

மதிய இடைவேளையில் ஆபீஸிலிருந்து ஓடினேன். என் பழைய சட்டையில், பளிங்குத் தூசிக்காகத் தலையில் கொட்டிய அரிசி மாவோடு அவள் நின்றிருந்தாள். பக்கத்தில் விண்வெளி வீரன், அவனிடம்தான் கூட்டம். யாரோ ஒரு அம்மா மகளின் பொத்தானை மிதித்தார். சிற்பி பிறந்தார், வளரத் தொடங்கினார். "குட் ஜாப், ஸ்வீட்டி" என்று அந்த அம்மா நகர்ந்துவிட்டார். மகள் மறுபடி சிலையானாள். அடுத்து வந்தவரும் அப்படியே.

உதடு அசையாமல் சொன்னாள்: "அப்பா, ஐ கீப் கெட்டிங் பார்ன். நோபடி லெட்ஸ் மீ கெட் ஓல்ட்."

அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. மிதித்தேன்.

சிற்பி மறுபடி பிறந்தார், ஒரு கல்தச்சனின் மனைவியிடம் பால் குடித்து வளர்ந்தார். படம் வரைந்ததற்கு அப்பாவிடம் அடி வாங்கினார். நான் சிற்பி, ஓவியன் இல்லை என்று சொல்லியும் தேவாலயத்தின் விதானத்தில் வரைய வைத்தார்கள். வருடக்கணக்கில் அண்ணாந்து நின்றார். முகமெல்லாம் சாயம் சொட்டியது. அந்த இடத்தில் என் கழுத்தும் வலித்தது. இடுப்பில் பேஜர் அதிர்ந்தது. மீட்டிங். டீச்சர்கள் நாற்காலிகளை மடக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் நகரவில்லை.

முடிவுரை வந்தேவிட்டது. எண்பத்தெட்டு வயதில், சாவதற்குச் சில நாள் முன்புவரை கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பிறகு இறந்தார். இறந்த கையோடு, இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன் என்று சபைக்கு நன்றியும் சொன்னார். அது மனைவியின் கைவண்ணம்.

மகள் முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த வயசுலயும் வேலையா?" என்றேன். சொல்லும்போதே கொட்டாவி வந்தது.

"ஹி லைக்ட் இட், அப்பா. நாட் தி சீலிங். ஜஸ்ட் தி ஸ்டோன்."

பேஜர் மறுபடி அதிர்ந்தது. அவள் சட்டைக் காலரிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, என் விதானத்துக்குத் திரும்பினேன்.