பதினெட்டு மாடியும் பச்சைக் கோடும்

நான் பச்சைக் கோடு இழுத்த அந்த வாக்காளர் பட்டியலை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல்தான் எரிச்சல் வரும். பச்சை என்றால் நிச்சயமான வாக்கு. தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தில், பிரசாரத்துக்குத் தந்த பட்டியலில் வீடு மாறிப்போனவர்களின் பெயர்களை வெட்டிவிட்டு நானே தமிழ்ப் பெயர்களை எழுதி, ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பச்சை போட்டிருந்தேன்.

எங்கள் வட்டாரத்தில் நகரசபைக்குப் போட்டியிட்ட முதல் கறுப்பினப் பெண் அவர். முன்பு எங்கள் பள்ளி ஆசிரியர். அதனால் எனக்கு எப்போதும் ‘மிஸ்’. அமெரிக்காவின் தெற்கில் பிறந்து, மாணவியாக இருந்தபோதே தம் மக்களை வாக்காளர்களாகப் பதிய வீடுவீடாக அலைந்தவர். என் வேலை மொழிபெயர்ப்பு. “முதலில் சிற்றிசனா என்று கேள், குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் வாக்கு. பிறகு என்னைப் பற்றிச் சொல்,” என்றார்.

நான் கேட்கவில்லை. அகதி வழக்கு முடியாமல் கடிதத்துக்குக் காத்திருக்கும் சனத்தின் வாசலில் நின்று, குடிவரவு அதிகாரிபோல அதைக் கேட்க வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலேயே அந்தக் கேள்விக்கு அம்மாவின் முகம் கறுத்துவிடும். ஆகவே மிஸ்ஸின் புகழை மட்டும் பொழிந்துதள்ளினேன்.

“ஓம் ஓம், உவவுக்குத்தான் போடுவம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

எல்லா வாசலிலும் இதே பதில். பக்கத்துக் கட்டடத்துக்கு ஒதுக்கியிருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமையில்கூட, “இங்கேயே இன்னொரு முறை போவோம் மிஸ்” என்று நான்தான் இழுத்துவந்தேன்.

தேர்தலன்று அந்தக் கட்டடத்தின் கீழ் மண்டபத்திலேயே வாக்குச்சாவடி. பின்னேரமாகியும் எங்கள் ஆட்கள் பத்துப் பேர்கூட வரவில்லை. ஏழாம் மாடிக்கு ஓடினேன். கதவைத் திறந்த அன்ரி சிரித்தார்.

“எங்களுக்கு எங்கை பிள்ளை வோட்? இன்னும் சிற்றிசன் பேப்பரே வரேல்லை.”

“அப்ப ஏன் அன்ரி போடுவம் எண்டு சொன்னனீங்கள்?”

“வீடு தேடி வந்த மனிசியை வாசலிலை வைச்சு இல்லையெண்டு சொல்லுறதே? நீரும் கேக்கேல்லைத்தானே.”

மிஸ் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. “அங்கே தெற்கில் உரிமை இருந்தும் எங்களைப் பட்டியலில் சேர்க்க மறுத்தார்கள். இங்கே நீ உரிமை வராதவர்களை எல்லாம் சேர்த்துவிட்டாய்,” என்றார். மேலங்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

அடுத்த தேர்தலுக்குள் எனக்கும் சிற்றிசன் கிடைத்துவிட்டது. அதே மண்டபம். இந்த முறை வரிசை வாசல்வரை நீண்டிருந்தது, பாதிக்குமேல் எங்கள் சனம். வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால், ஏழாம் மாடி அன்ரி நல்ல சீலை உடுத்தி, வாக்குச்சீட்டை விரித்துப் பிடித்தபடி நின்றார்.

“பிள்ளை, உதிலை உங்கடை மிஸ்ஸின்ரை பேரைக் காணேல்லை. அவவுக்குப் போடத்தானே நான் வந்தனான்?”