ஐலி மேட்டிலிருந்து இறங்கினாள்

வடக்கு மிச்சிகனில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவள் ஐலி. நவம்பரில் கணவன் வீட்டாரோடு மான் வேட்டைக்குப் போவாள். மானுக்காக யார் எங்கே காத்து உட்காருவது என்பதைக் கொழுந்தன் உர்ஹோதான் சொல்வான். ஐலிக்கு எப்போதும் முகாமை ஒட்டிய அடுப்புக் குடிசைதான். அங்கே குளிராது. மானும் வராது.

அந்த வருஷம் அவள் முந்திக்கொண்டாள். அக்டோபரிலேயே தனியாகக் காட்டைச் சுற்றினாள். சதுப்பைத் தாண்டிய மேட்டில், ஓக் மரங்களுக்கடியில், மான் புழுக்கை ஈரமும் பளபளப்புமாகக் கிடந்தது. ஆண் மான் கொம்பைத் தேய்த்து இளமரங்களின் பட்டையை உரித்திருந்தது. உரிந்த பக்கமெல்லாம் சதுப்பைப் பார்த்தே இருந்தது. பகலில் சதுப்பில் படுத்துவிட்டு, மாலையில் ஓக் கொட்டை தின்ன இந்த வழியாகத்தான் ஏறி வருகிறது என்று முடிவுகட்டினாள்.

"எனக்கு அந்த மேடு போதும்" என்றாள் உர்ஹோவிடம்.

"அவ்ளோ தூரமா? வழி தவறிட்டா யாரு தேடுறது அண்ணி?"

"தினமும் ஊர்ப் புள்ளைங்கள வீடு சேக்கிறவளுக்கு வழி சொல்றியா நீ?"

முதல் நாள் முழுக்க எதுவும் வரவில்லை. இரவு பனி பெய்தது. மறுநாள் விடிந்ததும் மேட்டில் உட்கார்ந்து கீழே பார்த்தாள். வெள்ளைத் தரையில் ஒரு குளம்படி கூட இல்லை. எழுந்து ஓக் மரங்களுக்கடியில் பனியை விலக்கினாள். கொட்டைகள் தீர்ந்து ஓடுகள்தான் மிஞ்சியிருந்தன. தடயங்களை அவள் படித்தது தப்பில்லை. ஆனால் அது போன மாதத்துச் சேதி. உர்ஹோவின் வாய்க்குப் பயந்தே இன்னும் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாள். பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வழியில் உர்ஹோவின் இடம்.

"என்ன அண்ணி, மேடு கசந்துடுச்சா?"

"மான் எடம் மாத்திடுச்சு. நானும் மாத்துறேன். நீ ஏதாச்சும் பாத்தியா?"

"இல்ல." அவன் தன் இடத்தைச் சுற்றிப் பார்த்தான். "மூணு வருஷமாவே இல்ல. அப்பா உக்காந்த எடம். எப்படி விட்டுட்டு வர்றது?"

"குளுராம பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள்.

மரங்களை வெட்டி அழித்த வெளியின் ஓரத்தில் புதுத் தடம் ஓடியது. குளம்பின் விளிம்பு இன்னும் கூர்மையாக இருந்தது. பக்கத்தில் மேப்பிள் கன்றுகளின் குச்சி நுனிகள் கடிபட்டிருந்தன. தன் வாடை மானுக்கு எட்டாமல் காற்று முகத்தில் படும்படி, விழுந்து கிடந்த மரத்தின் பின்னால் நின்றாள். பிற்பகலில் சின்னக் கொம்புள்ள ஆண் மான் ஒன்று தலையைத் தாழ்த்தியபடி வந்தது. ஒரே வெடி.

மானின் சூடு ஆறாத கழுத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் மண்டியிட்டிருந்தாள். சந்தோஷமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "இருந்துச்சு. வருத்தமும் கூடவே இருந்துச்சு" என்றாள்.

இப்போதெல்லாம் வேட்டைக்கு முந்தைய நாள்வரை தன் இடத்தை அவள் சொல்வதில்லை. புதுத் தடத்தைப் பார்க்கும்வரை தனக்கே தெரியாது என்கிறாள்.